வீடு ஒருவருக்கு, நிலம் இன்னொருவருக்கு! ஏற்காட்டில் பணம் போடலாமா?

மலைமேல் ஒரு வீடு! இந்த ஆசை யாரைத்தான் விட்டது?

சேலத்தில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. அங்கிருந்து பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டில் இறங்கினால் காற்றே வேறு. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 5,000 அடி உயரம். ஏரியில் படகு. சரிவெல்லாம் காப்பிச் செடி. அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரம். மரத்தைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடி. "ஏழைகளின் ஊட்டி" என்று இந்த ஊருக்குப் பெயர் வந்தது சும்மா அல்ல.

ஆனால் ஏற்காட்டில் நிலத்தின் விலை இன்று ஏழைகளின் விலை அல்ல. மனை வாங்கி, கல்லையும் சிமெண்டையும் மலைமேல் ஏற்றி, வீடு கட்டி முடிக்க நடுத்தரக் குடும்பத்தின் கையிருப்பு போதாது. இந்த இடத்தில்தான் மலை ஊர்களில் ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருக்கிறது.

"நிலம் வாங்க வேண்டாம். வீடு மட்டும் வாங்குங்கள். இரும்புப் பெட்டி வீடு, மரக் குடில், எது வேண்டுமோ அது தயார். பழையதாக வாங்கினால் பாதி விலை. தோட்டத்தில் நிறுத்திக்கொள்ளலாம். மாதம் ஒரு தரை வாடகை கொடுத்தால் போதும். உல்லாசப் பிரயாணிகள் வந்து தங்குவார்கள். பணம் தானாக வரும்!"

கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர், கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்ட வியாபாரி, வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பியவர் எல்லோருடைய காதிலும் இது விழுகிறது. கையில் உள்ள எட்டு லட்சமோ பத்து லட்சமோ, அதை இதில் போடலாமா என்று மனம் அலைகிறது.

போடலாமா? அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. வீடு நம்முடையது, சரி. அது நிற்கும் நிலம் யாருடையது?

அமெரிக்கா சொல்லும் பாடம்

இந்த வியாபாரம் பிறந்த இடம் அமெரிக்கா. அங்கே ஏறத்தாழ 2 கோடி ஜனங்கள் இத்தகைய வீடுகளில் வசிக்கிறார்கள். தொழிற்சாலையில் முழு வீட்டையும் செய்து, சக்கரம் பூட்டி, இழுத்து வந்து நிறுத்துவார்கள். 1976-ல் மத்திய சர்க்கார் இந்த வீடுகளுக்கு ஒரே தர விதியைக் கொண்டுவந்தது. நகரும் வீடு என்பது பழைய பெயர். ஆலையில் செய்த வீடு என்பது சட்டம் வைத்த பெயர்.

பெயரில்தான் நகர்வு. உண்மையில் ஒரு தடவை நிறுத்திய வீடு லேசில் நகராது. இழுத்துச் செல்ல ஆயிரக் கணக்கான டாலர் செலவு. பழைய வீடு என்றால் வழியிலேயே மூட்டு விட்டுப்போகும். வேறு இடத்துக்காரர்கள் பழைய வீட்டைச் சேர்க்கவும் மாட்டார்கள்.

இந்த வீடுகள் வரிசையாக நிற்கும் இடத்துக்கு "பார்க்" என்று பெயர். தரை ஒரு முதலாளிக்குச் சொந்தம். வீடு குடியிருப்பவருக்குச் சொந்தம். மாதா மாதம் தரை வாடகை.

அங்கே சிறிய முதலீட்டாளர்கள் செய்யும் வேலை இது. ஊரைவிட்டுப் போகிறவரிடம் பழைய வீட்டை மலிவாக வாங்குவார்கள். தளமும் கூரையும் பழுது பார்ப்பார்கள். வங்கி கடன் தராத ஏழைக் குடும்பத்துக்குத் தவணை முறையில் விற்பார்கள். வாங்கிய விலை சில மாதங்களில் திரும்பிவிடும். பிறகு வருவதெல்லாம் லாபம். இப்படிப் பணம் பண்ணியவர்கள் உண்டு.

அடிபட்டவர்களும் உண்டு. எப்படி?

தரை முதலாளி வாடகையை ஏற்றினால், வீட்டுக்காரர் கொடுத்தே ஆக வேண்டும். வீட்டைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? தரை முதலாளி பார்க்கையே வேறு கம்பெனிக்கு விற்றால், புதுக் கம்பெனி வைத்ததுதான் சட்டம். வீட்டை விற்கப் போனால், வாங்குகிறவரைத் தரை முதலாளி ஏற்க வேண்டும். தரை வாடகை பாக்கி நின்றால் வீட்டுக்கே ஆபத்து. ஆண்டு தோறும் வீட்டின் விலை தேயும். தரையின் விலையோ வளரும்.

பெரும் பணக்காரர்கள் இந்த நுட்பத்தை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பெரிய கம்பெனிகள் தரையை விலைக்கு வாங்கின. வீட்டை மற்றவர்களுக்கு விட்டுவிட்டன. இதைக் கண்டு விழித்துக்கொண்ட குடியிருப்பாளர்கள் சில இடங்களில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, கடன் வாங்கி, தங்கள் காலடி மண்ணைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். அங்கேதான் வாடகைப் பயம் ஒழிந்தது.

ஏற்காட்டுக்கு இது புதிதா?

வீடு ஒருவர் கையில், நிலம் இன்னொருவர் கையில் என்ற ஏற்பாடு சேர்வராயன் மலைக்குப் புதிது அல்ல. இரண்டு நூற்றாண்டுக் கதை.

இந்த மலையின் பழைய குடிகள் மலையாளிகள் என்ற பழங்குடியினர். தங்கள் முன்னோர் காஞ்சீபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்கிறவர்கள் என்பதால் வந்த பெயர். மலை உச்சியில் சேர்வராயன் கோவில். மே மாதம் திருவிழா. இன்றும் ஏற்காடு சட்டசபைத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். காப்பி பிடித்துக்கொண்டது. வெள்ளைக்காரத் துரைகள் தோட்டம் போட்டார்கள். பங்களா கட்டினார்கள். பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்துப் புகழ் பெற்ற ராபர்ட் புரூஸ் பூட் என்ற மண்ணியல் அறிஞர்கூட ஓய்வுக் காலத்தில் ஏற்காட்டில்தான் வீடு வைத்திருந்தார்.

தோட்டத்தில் வேலை செய்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? லைன் வீட்டில். நீளமாக ஒரே கூரை. அடுத்தடுத்து அறை. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, ஒரு சமையல் மூலை.

1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. தொழிலாளிக்கு வீடு கொடுப்பது தோட்ட முதலாளியின் கடமை என்று அது சொன்னது. நல்ல சட்டம்தான். 2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அடிப்படை மாறவில்லை. அந்த வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை முடிந்தால் வீடும் கைவிட்டுப் போகும். முப்பது ஆண்டு விளக்கேற்றிய வீடாக இருந்தாலும், அது நிற்கும் மண்ணில் ஒரு பிடிகூட அந்தக் குடும்பத்துக்கு இல்லை.

வேறு வழி இல்லாமல் தொழிலாளி ஏற்றுக்கொண்ட நிலை அது. இன்று பெட்டி வீடு வாங்குகிறவர், அதே நிலையை ரொக்கம் கொடுத்து வாங்குகிறார். வித்தியாசம் அவ்வளவுதான். முதலில் இது மனத்தில் பதிய வேண்டும்.

கணக்கு என்ன சொல்கிறது?

இனி வியாபாரத்துக்கு வருவோம். ஆசை கணக்குப் பார்க்காது. ஆகவே கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு. ஒருவர் எட்டு லட்ச ரூபாய்க்குப் புதுப் பெட்டி வீடு வாங்கி ஒரு தோட்டத்தில் நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். தரை வாடகை மாதம் 8,000 ரூபாய். ஓர் இரவுக்கு அறை வாடகை 2,500 ரூபாய்.

ஆண்டில் எத்தனை இரவு ஆள் வரும்? கோடையில் கூட்டம். சனி, ஞாயிறு கூட்டம். தீபாவளி, பொங்கல், பள்ளி விடுமுறை என்றால் கூட்டம். மற்ற நாட்களில் ஏரிக்கரை வெறிச்சென்று இருக்கும். 110 இரவு என்று வைப்போம்.

வரவு: 2,75,000 ரூபாய்.

செலவு: தரை வாடகை 96,000. கூட்டிப் பெருக்கி, துணி துவைத்து, ஆளைக் கவனிக்க இரவுக்கு 350 வீதம் 38,500. இடம் பிடித்துத் தரும் இணையக் கம்பெனிகளுக்கு நூற்றுக்கு 15 வீதம் 41,250. மின்சாரம், தண்ணீர், பழுது 36,000. ஆக மொத்தம் 2,11,750.

மிச்சம் 63,250 ரூபாய். எட்டு லட்சத்துக்கு நூற்றுக்கு 8 வட்டி போலத் தெரிகிறது. பரவாயில்லையே என்று தோன்றும்.

அவசரப்படக் கூடாது. பெட்டி வீடு தேயும் பொருள். ஏற்காட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 அங்குலம் மழை. மழை நின்றால் பனி மூட்டம். இரும்பு துருப்பிடிக்கும். உள்ளே சுவரில் நீர் வியர்க்கும். பலகை உப்பும். 15 ஆண்டு உழைத்தால் அதிகம் என்று வைத்தால், ஆண்டுக்கு 53,333 ரூபாய் தேய்மானம். அதைக் கழித்தால் கையில் நிற்பது 9,917 ரூபாய். மாதத்துக்கு 826 ரூபாய்!

அடுத்த ஆண்டு தோட்டக்காரர் தரை வாடகையை நூற்றுக்குப் பத்து ஏற்றுகிறார். 9,600 ரூபாய் கூடுதல். இப்போது மிச்சம் எவ்வளவு? 317 ரூபாய். எட்டு லட்சத்தை வங்கியில் 6½ வட்டிக்குப் போட்டிருந்தால் 52,000 ரூபாய் வந்திருக்கும். முதலும் அப்படியே நின்றிருக்கும்.

அப்படியானால் இந்த வியாபாரத்தில் லாபமே கிடையாதா? கிடைக்கும். அதே வீட்டுக்கு 180 இரவு ஆள் வந்தால், எல்லாச் செலவும் தேய்மானமும் போக 1,34,167 ரூபாய் நிற்கும். ஆகவே இந்த வியாபாரத்தின் உயிர் இரவுகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஆண்டில் 52 வாரம். வாரத்துக்கு இரண்டு இரவு என்றாலே 104 தான் ஆகிறது. 180-ஐத் தொட வேண்டுமானால் வார நாட்களிலும் ஆள் வர வேண்டும். "எப்போதும் நிறைந்திருக்கும்" என்ற வாய்ச்சொல்லை நம்பக் கூடாது. அந்த இடத்தில் ஏற்கனவே உள்ள வீடுகளுக்குக் கடந்த இரண்டு ஆண்டில் எத்தனை இரவு ஆள் வந்தார்கள் என்ற பதிவேட்டைக் கேட்டுப் பார்க்க வேண்டும். காட்ட மறுத்தால் அதுவே பதில்.

பழையது மலிவா?

பழைய பெட்டி வீடு மூன்று லட்சத்துக்குக் கிடைக்கிறது என்பார்கள். மலிவுதானே? அங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று லட்சத்துக்கு வாங்கி, ஒரு லட்சம் போட்டுப் பழுது பார்த்தால் நான்கு லட்சம். அது இன்னும் ஏழு ஆண்டு உழைக்கும் என்றால் ஆண்டுத் தேய்மானம் 57,143 ரூபாய். புதுப் பெட்டியின் தேய்மானத்தைவிட அதிகம்!

பழைய பொருளை விலையால் அளக்கக் கூடாது. விலையை மீதியுள்ள ஆயுளால் வகுத்துப் பார்க்க வேண்டும். பழைய காரும், பழைய மோட்டார் பம்பும் வாங்கிப் பழகியவர்களுக்கு இது தெரியாத விஷயம் அல்ல.

பார்க்க வேண்டிய இடங்களும் அவைதான். தளத்துக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். கூரையின் மூலைகளையும் குளியலறைப் பலகையையும் தட்டிப் பார்க்க வேண்டும். கம்பி இணைப்புகளை எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதிக்க வேண்டும். மழை நாளில் ஒரு தடவை போய்ப் பார்ப்பது வெயில் நாளில் பத்துத் தடவை பார்ப்பதற்குச் சமம்.

வழிச் செலவும் உண்டு. கப்பலில் சரக்கு வரும் 20 அடிப் பெட்டி வெறுமனே இரண்டு டன்னுக்கு மேல் கனக்கும். கிரேன் இல்லாமல் ஏற்ற முடியாது, இறக்க முடியாது. கொண்டை ஊசி வளைவில் நீள வண்டி திரும்புவது லேசான காரியம் அல்ல. நாளைக்குத் தோட்டக்காரரோடு சண்டை வந்தால் இதே செலவு திரும்பவும் காத்திருக்கிறது. நகரும் வீடு என்ற தைரியத்தில் வாங்கியவர், நகர்த்தும் கூலியைக் கேட்டவுடன் சமாதானத்துக்குப் போய்விடுவார்.

சக்கரம் இருந்தால் சட்டம் இல்லையா?

"அஸ்திவாரம் இல்லை, ஆகையால் அனுமதி வேண்டாம்" என்று ஒரு பேச்சு உலவுகிறது. இது ஆபத்தான பேச்சு.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ல் வந்தது. கட்டடம் என்ற சொல்லுக்கு அது தரும் பொருள் மிக விரிவானது. மரம், மண், உலோகம் எதனால் செய்திருந்தாலும் கட்டடம். சக்கரத்தின்மேல் நின்றாலும் கட்டடம். அஸ்திவாரம் இல்லாமல் தரைமேல் சும்மா வைத்திருந்தாலும் கட்டடம். சட்டம் எழுதியவர்கள் இந்தத் தந்திரத்தை அன்றைக்கே எதிர்பார்த்திருக்கிறார்கள்!

அதோடு ஏற்காடு மலைப் பகுதி. மலைப் பகுதிகளில் கண்டபடி கட்டடம் எழும்புவதைத் தடுக்க 1990-ல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் ஏற்பட்டது. மலையில் மனை பிரிக்கவும் கட்டவும் சமவெளியில் இல்லாத கூடுதல் அனுமதிகள் உண்டு. மண் சரியுமா, மரம் போகுமா, ஓடைக்குத் தடையா என்றெல்லாம் துறைகள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் வீண் தொல்லை என்று நினைப்பவர்கள் 2024-ஐ நினைத்துப் பார்க்கட்டும். அந்த ஆண்டு ஜூலை 30-ந் தேதி விடியற்காலையில் வயநாட்டில் மலை இடிந்து ஊர்களையே மூடியது. டிசம்பரில் பெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப் பாதையிலேயே மண் சரிந்து போக்குவரத்து நின்றது. சாலை நின்றால் பிரயாணி இல்லை. பிரயாணி இல்லை என்றால் வாடகை இல்லை. ஆனால் தரை வாடகை மட்டும் நிற்காது.

சர்க்கார் உத்தரவும் வருமானத்தை மாற்றிவிடும். 2020-ல் கொரோனாவால் தங்கும் விடுதிகள் மாதக் கணக்கில் பூட்டிக் கிடந்தன. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் கட்டாயம் ஆயிற்று. ஒரு மலை ஊரில் நடந்தது இன்னொரு மலை ஊரிலும் நடக்கலாம்.

சர்க்காரின் ஊக்கமும் இல்லாமல் இல்லை. கேரளம் 2021-ல் காரவன் சுற்றுலாத் திட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடும் 2023-ன் சுற்றுலாக் கொள்கையில் அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் காரவன் என்பது பதிவு எண் உள்ள மோட்டார் வண்டி. வந்து நின்று போய்விடும். தோட்டத்தில் நிரந்தரமாக இறக்கிவைத்த பெட்டி காரவன் ஆகாது.

பதினோரு மாதப் பத்திரம்

தரை வாடகைக்கு என்ன பத்திரம்? பெரும்பாலும் பதினோரு மாத ஒப்பந்தம்தான் நீட்டப்படும். காரணம் இருக்கிறது. ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். பதினோரு மாதம் என்றால் பதிவு வேண்டாம், செலவு மிச்சம்.

யாருக்கு மிச்சம்? 15 ஆண்டு உழைக்க வேண்டிய வீட்டை 11 மாத உரிமையின்மேல் நிறுத்துவது எப்படி? பன்னிரண்டாவது மாதம் தோட்டக்காரர் "எடுத்துக்கொண்டு போங்கள்" என்றால் என்ன செய்வது?

1882-ன் சொத்து மாற்றுச் சட்டம் இதற்கு ஒரு வழி சொல்கிறது. குத்தகை முடிந்த பிறகும், இடம் தன் கைவசம் இருக்கும்வரை, தான் நிலத்தில் பொருத்திய பொருளைக் குத்தகைக்காரர் எடுத்துக்கொள்ளலாம். இடத்தைக் கைவிட்ட பிறகு எடுக்க முடியாது. ஆகையால் சாவியை ஒப்படைத்துவிட்டு "அப்புறம் வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்று இறங்கிவிடக் கூடாது.

பத்திரத்தில் இருக்க வேண்டியவை இவை. குத்தகை வீட்டின் ஆயுளுக்கு ஏற்ற காலம் இருக்க வேண்டும். பதிவு செய்திருக்க வேண்டும். வாடகை ஆண்டுக்கு எவ்வளவு ஏறும் என்பது எண்ணால் எழுதப்பட்டிருக்க வேண்டும். வீட்டை இன்னொருவருக்கு விற்கும் உரிமை வேண்டும். நிலம் கைமாறினாலும் புதுச் சொந்தக்காரரைக் குத்தகை கட்டுப்படுத்த வேண்டும். தண்ணீர், மின்சாரம், பாதை யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் வேண்டும்.

அதற்கும் முன்னால் நிலத்துக்காரர் உண்மையான சொந்தக்காரர்தானா என்று பார்க்க வேண்டும். சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் 30 ஆண்டு வில்லங்கச் சான்று வாங்க வேண்டும். பட்டா யார் பெயரில், நிலம் எந்த வகை என்று தாலுகா ஆபீசில் பார்க்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை இன்று இணையத்திலேயே கிடைக்கின்றன. சர்க்கார் ஏழைகளுக்கு ஒப்படை செய்த நிலம் என்றால் அதில் நிபந்தனை இருக்கும். நிபந்தனையை மீறினால் சர்க்கார் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். காட்டு நிலத்தின் ஓரம் என்றால் எல்லையை அளந்து பார்க்காமல் கைவைக்கக் கூடாது. அளக்கும் கூலி சில ஆயிரம். அளக்காததன் கூலி முழு முதலும்.

மனையாகவே பிரித்து விற்கிறார்கள் என்றால் இன்னொன்றும் கேட்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத் திட்டத்தை விற்க, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு வேண்டும். இது 2016-ல் வந்த சட்டம். பதிவு எண்ணை வாங்கி, ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மாதம் இவ்வளவு நிச்சயம்?

இன்னொரு வகைப் பேச்சும் உண்டு. "வீட்டை வாங்கி எங்களிடமே விட்டுவிடுங்கள். மாதம் இவ்வளவு நிச்சயம். நீங்கள் மலை ஏறவே வேண்டாம்."

தமிழ்நாடு இதைக் கேட்டது இது முதல் தடவையா? 1990-களில் தேக்கு மரம் வந்தது. சிறிய தொகை கட்டினால் 20 ஆண்டில் மரம் வளர்ந்து பெரும் தொகை ஆகும் என்றார்கள். 1998-ல் அனுபவ் பிளான்டேஷன்ஸ் சரிந்தது. கட்டியவர்கள் வரிசையில் நின்றார்கள். மறு ஆண்டே செபி கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு விதிகள் வகுத்தது. பிறகு நிலத்தின் பெயரால் நாடெங்கும் பணம் திரட்டிய பி.ஏ.சி.எல். கம்பெனியை, 49,100 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடுக்கும்படி 2014-ல் செபி உத்தரவிட்டது.

மரம், நிலம், இப்போது மலை வீடு. பொருள் மாறுகிறது, பேச்சு மாறவில்லை. பலரிடம் பணம் திரட்டி, கம்பெனியே நிர்வாகம் செய்து, லாபம் தருவதாகச் சொல்லும் திட்டத்துக்குச் செபியில் பதிவு வேண்டும். 2019-ல் வந்த சட்டம் ஒழுங்குமுறைக்கு உட்படாத டெபாசிட்டுகளைத் தடை செய்திருக்கிறது. பதிவு எண் கேட்டால் முகம் மாறுகிறதா என்று பார்த்தாலே பாதி உண்மை விளங்கும்.

வாடகை வந்தால்தான் பணம் வரும். பனிக்கும் மழைக்கும் கட்டுப்பட்ட வாடகையை ஒருவர் எப்படி "நிச்சயம்" என்கிறார்? அந்த நிச்சயம் அடுத்தவர் கட்டும் பணத்திலிருந்து வருகிறதா? இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

மலைக்காரருக்கு என்ன?

பணம் போடுகிறவரின் லாப நஷ்டத்தோடு விஷயம் முடிந்துவிடாது. மலையில் இருப்பவர்களும் மனிதர்கள்.

ஒவ்வொரு பெட்டி வீட்டுக்கும் தண்ணீர் வேண்டும். கோடையில் பிரயாணி வரும் நேரமும் ஊற்று வற்றும் நேரமும் ஒன்றே. லாரித் தண்ணீரை விலைக்கு வாங்க விடுதிக்காரரால் முடியும். குடத்தோடு நிற்கும் மலைக் கிராமத்துப் பெண்ணால் முடியுமா? கழிவு நீர் எங்கே போகிறது? சரிவில் மேலே விட்டது கீழே உள்ளவரின் ஊற்றில்தான் சேரும். முறையான கழிவுத் தொட்டி இல்லாத இடத்தில் பணம் போடுவது பாவம் மட்டும் அல்ல, வியாபாரத்துக்கும் கேடு. புகார் போனால் முதலில் பூட்டு விழுவது அங்கேதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. காப்பி விலை ஏறும், இறங்கும். இறங்கும் ஆண்டில் சிறு தோட்டக்காரர் நிலத்தை விற்க நினைக்கிறார். விற்றுவிட்டால், அவருடைய மகன் அதே நிலத்தில் காவல்காரனாக நிற்க நேரும். விற்காமல் நான்கைந்து வீடு நிறுத்த இடம் விட்டு, நியாயமான தரை வாடகை வாங்கினால், நிலமும் அவர் கையில், வருமானமும் அவர் கையில். இந்த வகையில் பார்த்தால் தரைக் குத்தகை ஏற்பாடு மலைக்காரருக்கு நல்லதே. அவருடைய வீட்டிலேயே ஓர் அறையை ஒழித்துப் பிரயாணிக்கு விட்டால் இன்னும் நல்லது. மத்திய சர்க்காரின் இல்ல விருந்து விதி அதைத்தான் விரும்புகிறது. சொந்தக்காரர் குடும்பத்தோடு அங்கேயே வசிக்க வேண்டும். வாடகை அறை ஆறுக்கு மேல் கூடாது.

யார் போடலாம்?

அப்படியானால் முடிவு என்ன?

மகள் கல்யாணத்துக்கு வைத்த பணத்தை இதில் போடக் கூடாது. கடன் வாங்கிப் போடக் கூடாது. ஓய்வுப் பணம் முழுவதையும் கொட்டக் கூடாது. மாத வருமானத்தை இதிலிருந்துதான் எடுத்துச் சாப்பிட வேண்டும் என்ற நிலையில் உள்ளவருக்கு இது உதவாது.

சேலத்திலோ ஆத்தூரிலோ இருப்பவர், வாரத்துக்கு ஒரு நாளாவது மலை ஏறிப் பார்க்கக் கூடியவர், பதிவு செய்த குத்தகையும் கட்டட அனுமதியும் கையில் உள்ளவர், போட்ட பணம் ஐந்து ஆண்டு திரும்பாவிட்டாலும் குடும்பம் ஆடாது என்ற நிலையில் உள்ளவர் போட்டுப் பார்க்கலாம். முதலில் ஒரே ஒரு வீடு. ஒரு முழு ஆண்டு நடத்திய பிறகுதான் இரண்டாவதைப் பற்றிப் பேச்சு. கோடையை மட்டும் பார்த்துவிட்டு இரண்டாவது வாங்கியவர் ஐப்பசி மழையில் வருந்துவார்.

இன்னும் சுலபமான வழியும் உண்டு. பணம் போடுவதற்கு முன், அதே தோட்டத்தில் அதே வகை வீட்டில் நான்கு இரவு வாடகை கொடுத்துத் தங்கலாம். இரண்டு இரவு கோடையில். இரண்டு இரவு கார்த்திகையில், மழை பெய்யும் வார நாளில். அக்கம்பக்கத்து வீடுகளில் எத்தனை விளக்கு எரிகிறது என்று எண்ணலாம். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கலாம். காலையில் பெருக்க வரும் அம்மாளிடம் போன மாதம் எத்தனை நாள் வேலை இருந்தது என்று கேட்கலாம்.

அதற்கு ஆகும் செலவு பத்தாயிரம் ரூபாய். எட்டு லட்சம் போகுமா நிற்குமா என்பது அந்த நான்கு இரவில் தெரிந்துவிடும்.